பெருங்காயம் இருந்த டப்பா நிலாவுக்குப் போனால்

ஜொகூர் பாருவில் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு ராக்கெட் வேண்டாம், எரிமலை வேண்டாம், சந்திரயானின் மூக்கைச் செய்கிறோம் என்று பிள்ளைகள் ஐந்து பேர் வந்து நின்றார்கள். மூக்கு என்று அவர்கள் சொன்னது, மெல்லிய வளிமண்டலத்தில் எந்தெந்த வாயு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவியை. நிறை நிறமாலைமானி என்பது அதன் நீண்ட பெயர். முதல் ஒத்திகையில் பலகையும் பேச்சும் பிழைகளால் நிரம்பியிருந்தன. திருத்தித் திருத்திக் கடைசியில் கையில் ஒரு பட்டியல் மிஞ்சியது. அதில் பாதி பேச்சாளர்களுக்கு, மீதி இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டையும் பிரித்துப் போட மனமில்லை, ஏனென்றால் இரு தரப்பும் இடறியது ஒரே கல்லில்தான்.

முதலில் கருவியை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் வாயுவை ஒரு சூடான இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் தாக்கும். அடிபட்ட மூலக்கூறு மின்னேற்றம் பெறும், சில சமயம் உடையும். அப்படி மின்னேறியவை நான்கு கம்பிகளுக்கு நடுவே போகும்போது, கம்பிகளில் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி, இந்த நொடியில் 18 எடையுள்ளது மட்டும் போ, அடுத்த நொடியில் 19 மட்டும் போ என்று வடிகட்டலாம். மறுமுனையில் எண்ணிக்கை. கருவிக்குத் தெரிவது எடை மட்டுமே (சரியாகச் சொன்னால், எடையை மின்னேற்றத்தால் வகுத்தால் வரும் எண்), பெயர் தெரியாது. பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

செய்யக்கூடாதவை

"நிலாவில் காற்றே இல்லை" என்று பேச்சைத் தொடங்காதீர்கள்.

தொடங்கினால் அடுத்த வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். காற்றே இல்லாத இடத்துக்கு மூக்கை ஏன் அனுப்பினார்கள் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்கும். நம் ஜொகூர் நீரிணைக் கரையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அதாவது ஒரு கச்சான் பருப்பளவு இடத்தில், 25 எழுதிப் பின்னால் 18 சுழி போட்டால் வரும் அத்தனை மூலக்கூறுகள். நிலா இரவில் அதே இடத்தில் சில லட்சம். ஒன்றோடொன்று மோதவே வாய்ப்பில்லாமல் ஒவ்வொன்றும் தனித்தனியே எகிறித் தரையில் விழும். இதைத்தான் புறவளி மண்டலம் என்கிறோம். நிலா முழுவதற்கும் சேர்த்து அதன் எடை ஏறத்தாழ 25 டன் என்பது நாசாவின் மதிப்பு. ஓர் அப்போலோ இறங்குகலம் தரையிறங்க வைத்திருந்த எரிபொருளே 8 டன்னுக்கு மேல். கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். விருந்தாளி ஒருவர் வந்ததில் வீட்டுக் காற்றே மாறிப்போகிறது.

கலம் விடும் மூச்சைக் கோளின் மூச்சு என்று எண்ணிவிடாதீர்கள்.

பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பெருங்காயம் இருந்த டப்பா என்று பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் இங்கே நடப்பது. விண்கலம் என்பது பசை, வண்ணப்பூச்சு, கம்பி உறை, வெப்பக்காப்புத் தாள் எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டி. பூமியில் இருந்தபோது இவை குடித்த நீராவியை வெற்றிடத்துக்குப் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். பசையும் உறையும் தம் சொந்த வாயுக்களையும் சேர்த்து விடும். டுரியான் காலத்தில் தங்காக் போய் வந்த காருக்கு நேர்வதேதான். பழம் இறங்கிப் பத்து நாளானாலும் கதவைத் திறந்தால் ஊருக்கே தெரியும்.

1972 டிசம்பரில் அப்போலோ 17 குழு, நிலாத் தரையில் லேஸ் என்ற நிறை நிறமாலைமானியை வைத்துவிட்டு வந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதம் அது வேலை செய்தது. இரவில் ஹீலியம், ஆர்கான் என்று நம்பத்தக்க அளவுகள் கிடைத்தன. பகலிலோ பக்கத்தில் விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பாகமும் மற்றத் தளவாடங்களும் வெயிலில் சூடேறி வாயுவைக் கக்கின. நிலாவின் பகல் காற்று அதற்குள் மூழ்கிப்போயிற்று. பாதி நாள் நிலாவை அளந்த கருவி, மீதி நாள் தன் வீட்டுக்காரர்களின் சாமான்களை அளந்துகொண்டிருந்தது. மனிதரை இறக்கி, கருவியை ஊன்றி, இவ்வளவு செலவு செய்த பிறகு கிடைத்த பாடம் இது. எனக்கு இது அவமானமாகத் தெரியவில்லை. பகல் அளவுகளை நம்பவேண்டாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதிவைத்தார்கள், அதனால்தான் இரவு அளவுகளை இன்றும் நம்புகிறோம்.

நாற்பது ஆண்டு கழித்தும் இதே கதை. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி மீத்தேனைத் தேடி லேசர் கருவியை இயக்கியது. மீத்தேன் தெரிந்தது. ஆனால் அது செவ்வாயினுடையது அல்ல. ஏவுதளம் இருக்கும் புளோரிடாவின் காற்று, கருவியின் ஒளி புகும் சிற்றறையில் சிறிது தங்கிக் கூடவே பயணம் செய்திருந்தது. ரோசெட்டா கலம் 2004-இல் கிளம்பிப் பத்து ஆண்டுகள் பறந்து 67பி வால்விண்மீனை அடைந்தது. அதன் கருவிக்குழு வழிநெடுகச் செய்த வேலைகளில் ஒன்று, தங்கள் கலத்தைச் சுற்றிக் கலமே பரப்பிய வாயுவை அளப்பது. நிழலில் இருந்த பக்கம் வெயிலுக்குத் திரும்பினால் அளவு ஏறும். பத்து ஆண்டு போதாதா என்று கேட்டால், போதவில்லை.

ஓர் எண்ணைக் கண்டதும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

எங்கள் பலகையில் "28 = நைட்ரஜன்" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். கார்பன் மோனாக்சைடின் எடையும் 28. செவ்வாய்க்குப் போன இந்திய மென்கா கருவியின் முடிவுகளில் இதனால்தான் இரண்டையும் ஒரே வரியில், ஒரே கூட்டாக எழுதினார்கள். எடை 20-இல் ஒரு முகடு தெரிந்தால் நியான் என்று துள்ள வேண்டாம். 40 எடையுள்ள ஆர்கான் இரட்டை மின்னேற்றம் பெற்றால் கருவியின் கண்ணுக்கு 20-ஆகத்தான் தெரியும். கனமான உயிர்வளி சேர்ந்த நீரும் 20. 16-இல் உயிர்வளி அணுவும் வரும், மீத்தேனும் வரும், நீரின் உடைந்த துண்டும் வரும். நம் பாடநூல் கரிவளி என்னும் கார்பன் டை ஆக்சைடு 44-இல் மட்டும் நில்லாமல் 28, 16, 12 என்று துண்டு துண்டாகவும் தலைகாட்டும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு அடையாளம் வைப்பதுபோல, ஒவ்வொரு வாயுவும் எந்த விகிதத்தில் உடையும் என்று முன்பே ஆய்வகத்தில் எழுதி வைத்திருந்தால்தான் யாருடையது எது என்று பிரிக்க முடியும். தாக்கும் எலெக்ட்ரானின் ஆற்றலை 70 எலெக்ட்ரான் வோல்ட் என்று உலகெங்கும் ஒரே அளவில் வைப்பதும் இதற்காகத்தான். உடைப்பு ஒரே மாதிரி இருந்தால் ஒருவர் பட்டியலை மற்றவர் பயன்படுத்தலாம்.

"சந்திரயான் நிலாவில் தண்ணீர் கண்டது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

எந்தக் கருவி, எந்தத் தண்ணீர் என்று கேட்பவர் கேட்பார். 2008 நவம்பர் 14 அன்று, சந்திரயான்-1 நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மோதுகலத்தைக் கழற்றிவிட்டது. நான்கு பக்கமும் மூவர்ணக் கொடி பூசிய சின்னப் பெட்டி. இந்த யோசனையைச் சொன்னவர் அப்துல் கலாம். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. மலேசிய நேரப்படி இரவு 10.36-க்குப் பிரிந்து, 11.01-க்குத் தென்துருவத்தில் ஷாக்கில்டன் பள்ளத்தின் பக்கம் மோதியது. நடுவில் இருந்தது 25 நிமிடம். பெட்டிக்குள் இருந்த மூன்று கருவிகளில் சேஸ் ஒன்று, திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தின் நிறை நிறமாலைமானி. விழுந்துகொண்டே, 98 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைவரை, ஏறத்தாழ 250 மீட்டருக்கு ஒரு முறை என்ற கணக்கில் மோந்து பார்த்துத் தாய்க்கலத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. எடை 18-இல் நீராவி தெரிந்தது. வெயில் படும் நிலாவில், ஆவி நிலையில்.

அதே சந்திரயானில் பறந்த அமெரிக்கக் கருவி, எம்-3, வேறு வழியில் போனது. தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தில் எந்த நிறம் விழுங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, மண்ணின் கனிமங்களில் ஒட்டியிருக்கும் நீரையும் ஹைட்ராக்சிலையும் கண்டது. அதன் கட்டுரை 2009 செப்டம்பரில் வெளிவந்து உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. ஸ்ரீதரன் குழுவின் சேஸ் கட்டுரை 2010-இல் வந்தது. முதலில் முகர்ந்தவர் இரண்டாவதாகப் பேசினார் என்று நம்மவர் சிலருக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் டப்பாவின் வாசனை எவ்வளவு, நிலாவின் வாசனை எவ்வளவு என்று கழித்துப் பார்க்காமல் பேசியிருந்தால் அந்த ஆதங்கத்துக்கே இடமிருந்திருக்காது. சேஸ் சொன்ன மொத்த அழுத்தம் அப்போலோவின் இரவு அளவுகளைவிட மிக அதிகமாக இருந்தது. அதில் கலத்தின் சொந்தக் கசிவு எவ்வளவு கலந்தது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பவே செய்தார்கள். கேள்வியையும் பலகையில் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

ஏரி, குளம், வாளி படம் எதுவும் வரையாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

வெறும் விரலால் கருவியைத் தொடாதீர்கள்.

கருவி செய்பவர்களுக்கான வரி இது. நம் கண்காட்சி மாதிரி அட்டையில் செய்தது, தாராளமாகத் தொடலாம். உண்மையான நான்கு கம்பிகளில் ஒரு விரல் ரேகை பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு மாதக்கணக்கில் ஆவி விடும். ஜொகூர் மாதிரி எப்போதும் வியர்த்துக் கொட்டும் ஊரில் இதைச் செய்யவேண்டும் என்றால் அறைக் காற்றின் ஈரத்தை முதலில் அடக்கவேண்டும். எஃகுச் சுவரில் ஒட்டிக்கொண்ட நீரைப்போல் பிடிவாதம் பிடிப்பது வேறில்லை.

செய்ய வேண்டியவை

முதலில் வேகவையுங்கள்.

அலுமினியமும் எஃகும் ஆன கருவியை வெற்றிட அறையில் வைத்து, அதன் உறுப்புகள் தாங்கும் அளவுக்குச் சூடேற்றி, நாள்கணக்கில் பம்ப் போட்டு உறிஞ்சுவார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் நீரும் எண்ணெயும் வெளியேறட்டும் என்று. புது மண்பானையைச் சமைப்பதற்கு முன் வேகவைத்துப் பழக்குகிறோமே, அந்த வேலை. பிறகு வாயை மூடி அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தபின் மூடியைத் திறப்பவர்களும் உண்டு.

போகிற வழியிலேயே கருவியைப் போட்டுப் பாருங்கள்.

கோள் இன்னும் தொலைவில் இருக்கும்போது கருவி எதையாவது காட்டினால் அது கலத்தின் வாசனை என்பது உறுதி. அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கழிக்கவேண்டும். இந்த வெற்று அளவு இல்லாத முடிவு, கல்லாப்பெட்டியில் காலையில் எவ்வளவு சில்லறை இருந்தது என்று தெரியாமல் மாலையில் லாபம் சொல்வது மாதிரி.

வாயைப் பயணத் திசையில் வையுங்கள். நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பாயும் கலத்தின் முன்பக்கம் வளி வந்து குவியும், பின்பக்கம் வெறிச்சோடிப்போகும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குச் சொல்ல வேண்டுமா?

உயரத்தையும் நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"செவ்வாயில் கரிவளி 95 சதவீதம்" என்பது தரைக்குச் சரி. மங்கள்யான் 2013 நவம்பர் 5-இல் கிளம்பி 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதில் இருந்த மென்கா மூன்றரைக் கிலோ கருவி. அந்த ஆண்டு டிசம்பரில் கலம் 262 கிலோமீட்டர் வரை தாழ்ந்து பறந்தபோது, மாலை நேரத்துப் புறவளியை அது அளந்தது. ஏறத்தாழ 270 கிலோமீட்டருக்கு மேலே கரிவளியை முந்திக்கொண்டு தனி உயிர்வளி அணுக்கள் ஆட்சி செய்கின்றன என்று அனில் பரத்வாஜ் குழு 2016-இல் எழுதியது. கனமானது கீழே தங்கும், லேசானது மேலே போகும். கீழே காற்று கலக்கிக்கொண்டே இருப்பதால் இது தெரியாது, உயரே கலக்குவோர் இல்லாததால் தெரிகிறது. ஆகவே ஒரே கோளுக்கு ஒரே விடை கிடையாது. எத்தனை கிலோமீட்டர், காலையா மாலையா என்று கேட்டுவிட்டுத்தான் பதில்.

நிலாவில் நேரம் இன்னும் முக்கியம். அங்குள்ள ஆர்கான்-40, பாறைக்குள் இருக்கும் பொட்டாசியம் சிதைந்து பிறந்து, கசிந்து மேலே வருவது. நம் வகுப்பறைக் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பதும் அதே ஆர்கான், அதே வழியில் வந்ததுதான். நிலா இரவில் குளிர்ந்த மண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும், விடியற்காலையில் சூடு பட்டதும் பொங்கி எழும். லேஸ் இதை ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தது. சந்திரயான்-2 சுற்றுகலத்தில் இருக்கும் சேஸ்-2 சுற்றி வந்து பார்த்தது. ஆர்கான் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை, சில வட்டாரங்களில் கூடுதலாகத் தேங்குகிறது என்று 2022-இல் அதன் முடிவு வந்தது. சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் மு. வனிதா என்ற தமிழ்ப் பெண். நம் பலகையில் அவர் பெயர் விடுபட்டிருந்தது, சேர்த்துவிட்டோம்.

2024 மே 10 அன்று சூரியன் வீசிய பெரும் வெடிப்பலைகள் நிலாவைத் தாக்கியபோது, பகல் பக்கப் புறவளியின் அழுத்தம் பத்து மடங்குக்கும் மேல் எகிறியதையும் சேஸ்-2 பதிவு செய்தது. பூமிக்குக் காந்தக் குடை இருக்கிறது, நிலா மொட்டை மாடியில் நிற்கிறது. அன்றைக்கு அளந்தவருக்கும் அடுத்த வாரம் அளந்தவருக்கும் விடை வேறு. இருவருமே சரி.

சொன்னதைத் திருத்தத் தயங்காதீர்கள்.

கியூரியாசிட்டி 2013-இல் செவ்வாய்க் காற்றில் நைட்ரஜன் 1.9 சதவீதம் என்றது. 1976-இல் அங்கே இறங்கிய வைக்கிங் கலம் சொன்னது 2.7. எது சரி? கருவியின் அளவீட்டைத் திரும்பச் சரிபார்த்தபின் கியூரியாசிட்டி குழுவே 2.6 அளவுக்கு வந்து நின்றது. பழைய எண்ணோடு பலகையில் வந்து நின்ற பிள்ளையைத் திட்டவில்லை, இரண்டு எண்ணையும் எழுதி நடுவே அம்புக்குறி போடச் சொன்னேன்.

பாசிர் கூடாங்கை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனதை இங்கே மறந்தவர் இல்லை. பிள்ளைகள் வகுப்பில் மயங்கி விழுந்தார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். என்ன வாயு, என்ன வாயு என்று ஊரே கேட்டது. அக்ரோலீன், அக்ரிலோநைட்ரைல், பென்சீன், டொலுயீன், சைலீன், ஹைட்ரஜன் குளோரைடு என்று பெயர்கள் வந்தன. சேஸ் கருவியின் எல்லை 1 முதல் 100 வரை. மூலக்கூற்று எடையைக் கூட்டிப் பாருங்கள்: அக்ரிலோநைட்ரைல் 53, அக்ரோலீன் 56, பென்சீன் 78, டொலுயீன் 92. நான்கும் உள்ளே அடங்கும். சைலீன் 106, வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் அதன் உடைந்த துண்டு 91-இல் தெரியும். டொலுயீனின் பெரிய துண்டும் அதே 91. ஹைட்ரஜன் குளோரைடு 36-இல் வரும், ஆர்கானின் இலகுவான உடன்பிறப்பும் 36. எங்கள் ஐவரும் இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், நான் குறுக்கே போகவில்லை.

ஒன்று மட்டும் எச்சரித்தேன். நிலாவுக்குப் பழகிய கருவியைக் கொண்டுவந்து கிம் கிம் ஆற்றங்கரையில் அப்படியே திறந்து போடமுடியாது. இங்குள்ள அடர்ந்த காற்றில் அதன் இழை நொடியில் கருகிவிடும். முன்னால் ஒரு ஊசித்துளை, பின்னால் ஒரு பம்ப், கருவிக்குள் ஒரு குட்டி நிலாவை முதலில் உண்டாக்கவேண்டும்.

கண்காட்சி மேசைக்கு இரண்டு டப்பா கொண்டுவாருங்கள்.

ஒன்று புதியது. மற்றது வீட்டில் பெருங்காயம் இருந்தது, சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவியது. இரண்டிலும் தலா ஒரு மல்லிகைப்பூ போட்டு மூடிவிடுங்கள். வருகிறவரின் கண்ணைக் கட்டி, முதலில் பழைய டப்பாவை மோந்து பார்த்து உள்ளே என்ன என்று சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை எழுதிக்கொண்டபின் புதியதைக் கொடுங்கள். பூவை மணிக்கு ஒரு முறை மாற்றவேண்டும். மண்டபத்தில் மின்விசிறி சுற்றினால் மேசையைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். டுரியான் வைத்தால் இன்னும் நன்றாக எடுபடும் என்று ஒருவன் கேட்டான். தலைமையாசிரியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.